நாலுக்கு ஆறு

நகராட்சிப் பூங்காப் பிரிவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘அங்குலம் சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் ‘அங்குலம்’. வரைபடத்தில் ஒரு அங்குலம் பிசகினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர்.

முப்பத்தொரு வருட வேலையில் அவர் அதிகம் வரைந்தது பொதுக் கழிப்பறைகளைத்தான். பாலமும் நூலகமும் சிபாரிசு உள்ளவர்களுக்குப் போயின. பூங்கா மூலையில் வரும் கட்டடம் இவர் தலையில் விழுந்தது. மாமனார் வெளியாரிடம், “மாப்பிள்ளை அரசாங்கக் கட்டடங்களுக்குப் பிளான் போடுறார்” என்பார். என்ன கட்டடம் என்று யாராவது கேட்டுவிட்டால் பேச்சு உடனே மழைக்குத் தாவிவிடும்.

அவருக்கோ அதில் வெட்கமே கிடையாது. காற்றுக்கான திறப்பு ஏழடிக்கு மேலே இருக்க வேண்டும், எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது. கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் விட வேண்டும், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் வெளியே தெரியும். பெண்கள் பக்கத்து வாசல் நடைபாதையைப் பார்க்க வேண்டும், புதரைப் பார்க்கக் கூடாது. தரை போட்டதும் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் தானாக ஓடி வடிகாலுக்குள் இறங்கினால்தான் எழுந்திருப்பார். எங்காவது உள்ளங்கை அளவு தேங்கினால் கொத்தனார் அந்த இடத்தைப் பெயர்த்தாக வேண்டும்.

வீட்டில் அவரும் மனைவியும் அக்காவும். அக்காவுக்குச் சிறு வயதிலேயே இரண்டு கால்களும் போய்விட்டன. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒரு அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுத்தாள். ஊரார் பிழையைத் திருத்தித் திருத்தி, வீட்டுப் பேச்சிலும் யாரையும் சும்மா விடமாட்டாள். அவளுடைய வெளியுலகத்துக்கு இரண்டரை மணி நேரம்தான் எல்லை. அதற்கு மேல் அடக்க முடியாது. நாற்காலியோடு நுழையக்கூடிய கழிப்பறை ஊரில் எங்கும் இல்லை. எங்காவது போக வேண்டிய நாளில் காலையிலிருந்தே ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். இப்படித்தான் நாற்பது வருடம் ஓட்டினாள்.

வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஏரிக்கரைப் பூங்கா வந்தபோது, அதன் கழிப்பறை வேலை இவர் கைக்கு வந்தது. அன்று சாயங்காலமே கூடத்து மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாக்பீஸால் தரையில் ஐந்தடி வட்டம் போட்டார்.

“அக்கா, இதுக்குள்ள நாற்காலியத் திருப்பு பாக்கலாம்.”

“என்னடா, என்னை வச்சு சர்க்கஸா?”

“திருப்பேன்.”

திருப்பினாள். சக்கரம் கோட்டைத் தொடாமல் வந்தது. கைப்பிடி எந்த உயரத்தில் இருந்தால் தோள் வலிக்காது, குழாய் எந்தப் பக்கம் வேண்டும், கதவை உட்கார்ந்தபடியே எப்படி இழுத்துச் சாத்துவாள் என்று ஒரு வாரம் அளந்தார். கடைசியில் மனைவிதான், “போதுங்க, அவங்கள விடுங்க, பாவம்” என்றாள்.

வரைபடம் தயாரானது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் அக்காவின் அளவில் ஒரு அகலமான அறை. பின்மூலையில் நாலடிக்கு ஆறடியில் ஒரு சின்ன அறை. அது துப்புரவுப் பணியாளருக்கு. சாமான் வைக்க அலமாரி, ஒரு குழாய், துணி மாட்ட ஆணி, உட்கார ஒரு திண்டு.

ஒப்புதல் கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் வரைபடத்தின் பின்மூலையில் பேனாவைத் தட்டினார். அங்கே பழைய மரம் ஒன்றின் வேர் வருகிறது, வெட்ட அனுமதி இல்லை, கட்டடத்தை அந்தப் பக்கம் நாலடி குறைக்க வேண்டும் என்றார்.

“இந்த அகல ரூமைச் சின்னதாக்கிடலாமா?”

“அது முடியாது சார்” என்றார் இவர், சட்டென்று.

“அப்ப இந்த மூலை ரூமை எடுத்துடுங்க. தொடப்பம் வைக்க ஒரு ரூம் எதுக்கு? எங்கயாவது சாத்தி வச்சுக்கப் போறாங்க.”

இவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். நாலுக்கு ஆறின் மேல் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் சுருக்கொப்பம். பக்கத்திலிருந்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோன வேலை. அக்காவின் அறையைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவருக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

கட்டடம் நன்றாக வந்தது. பத்திரிகையில் படம் போட்டார்கள். அதே வரைபடத்தை இன்னும் ஆறு பூங்காக்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். திறந்த வாரம் அக்காவை அழைத்துப் போனார். அவள் உள்ளே போய்விட்டு வந்து, ஏரியைப் பார்த்தபடி ஒரு முழுப் பாட்டில் தண்ணீரையும் நிதானமாகக் குடித்து முடித்தாள். “பரவாயில்லடா, பிழை ஒண்ணும் இல்ல” என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு அக்கா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு பூங்காவுக்குப் போனாள். அங்கே நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள் இரண்டு மூன்று பேர் சிநேகிதமானார்கள். ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். வந்ததும் ஊர்க்கதை அத்தனையும் சொல்வாள். வீட்டில் சாப்பாட்டு நேரமே நீண்டுபோனது.

ஒன்றரை வருடம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு சனிக்கிழமை அவள் கிளம்பவில்லை. அடுத்த வாரமும் இல்லை. கேட்டால் வெயில் என்றாள், கண் வலி என்றாள், அச்சகத்தில் வேலை குவிந்துவிட்டது என்றாள். இவருக்கு அப்போது ஆறு பூங்கா வேலையும் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அவள் சொன்ன காரணங்களை அப்படியே நம்பினார். நம்புவது சௌகரியமாக இருந்தது என்று பிற்பாடு அவரே மனைவியிடம் சொன்னார்.

நாலு மாதம் கழித்து மனைவிதான் வாயைத் திறந்தாள். “சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. ஆனா மனசு கேக்கல. கடைசியாப் போன அன்னைக்குப் பூங்காவுல அந்த ரூம் பூட்டியிருந்துச்சாம். அரை மணி நேரம் காத்திருந்துட்டுத் திரும்பியிருக்காங்க. வர்ற வழியிலேயே எல்லாம் நனஞ்சுபோச்சு. நாற்காலி மெத்தைய அவங்களே கழுவினாங்க. என்னைத் தொடவிடல.”

மறுநாள் மதியம் அவர் பூங்காவுக்குப் போனார். அகலமான அறையின் கதவில் பூட்டு தொங்கியது. தட்டினதும் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து துப்புரவுப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்துக் கயிற்றிலிருந்த சாவியால் திறந்தாள். உள்ளே கைப்பிடிக் கம்பியில் அவளுடைய மாற்றுத் துணி தொங்கியது. வட்டமாக நாற்காலி திரும்ப வேண்டிய தரையில் வாளிகளும் துடைப்பங்களும் ஆசிட் பாட்டில்களும். ஃபிளஷ் டேங்க்கின் மேல் சாப்பாட்டு டப்பா, பாதி சாப்பிட்டபடி திறந்திருந்தது.

யார் மீதும் கை ஓங்காத, குரல் உயர்த்தாத மனிதர் அவர். அன்று பூங்காவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“இது என்ன உன் வீடா? யாருக்காகக் கட்டினதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார். ஒரு நிமிஷம், எல்லாத்தையும் எடுத்துடறேன்.”

“எடுக்கறதெல்லாம் வேணாம். உன்னை எடுக்கச் சொல்றேன் பார்.”

அவள் டப்பாவை மட்டும் எடுத்து மூடினாள். அவர் அலுவலகத்துக்குப் போன கையோடு துப்புரவு ஒப்பந்தக்காரருக்குப் புகார் எழுதினார். அடுத்த நாளே அவளை நிறுத்திவிட்டார்கள். சாமான்களை வெளியே எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது, ஒரு கடமை முடிந்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, சனிக்கிழமை கிளம்பு. இனிமே அந்த ரூம் திறந்தே இருக்கும்.”

அக்கா கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். மனைவி அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள்.

“அவங்கள என்ன பண்ணின?”

“யாரை?”

“ரூமைப் பாத்துக்கறவங்கள.”

“வேலையை விட்டுத் தூக்கியாச்சு. பின்ன என்ன, உள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு.”

அக்கா சக்கரத்தைத் தள்ளி அவர் எதிரே வந்தாள்.

“ஒன்றரை வருஷமா சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தம்மா எல்லாச் சாமானையும் வெளிய எடுத்து வச்சு, தரையைத் தொடச்சு, காஞ்சிருக்கான்னு கையால தடவிப் பாத்துட்டு நிக்கும். நான் வெளிய வந்ததும் மறுபடி உள்ள எடுத்து வைக்கும். எனக்குச் சக்கரம் வழுக்கக் கூடாதாம். அன்னைக்கு ஒப்பந்தக்காரன் ரெண்டாவது பூங்காவையும் அது தலையில கட்டிட்டான். சாவியோட அங்க போயிடுச்சுன்னு சிநேகிதி ஒருத்தி அப்புறம் போன்ல சொன்னா. அது என்ன பண்ணும்?”

“இதை ஏன் நீ சொல்லல?”

“என்னன்னு சொல்றது? நனச்சுக்கிட்டு வந்தேன்னா?” அவள் குரல் இறங்கியது. “சொன்னா நீ இதைத்தான் பண்ணுவேன்னு தெரியும். அவங்க சாமான எங்கடா வைப்பாங்க? எங்க உக்காந்து சாப்பிடுவாங்க? அதுக்கு நீ ஒரு எடமும் விடலியே.”

அவர் மறுநாள் அலுவலகத்தில் பழைய வரைபடத்தைச் சுருளிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தார். நாலுக்கு ஆறு, அதன் மேல் சிவப்புக் கோடு, ஓரத்தில் தன் சுருக்கொப்பம். ஸ்கேலை வைத்துப் பார்த்தார். ஆண்கள் பக்கத்து நடையில் ஒன்பது அங்குலம் குறைத்திருக்கலாம். இரண்டு சுவர்களை மெல்லியதாக்கியிருந்தால் இன்னொரு ஒன்பது. கைகழுவும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் மீதியும் வந்துவிடும். இரண்டு நாள் வேலை. அக்காவின் அறைக்கு ஒரு வாரம் அளந்தவர், இதற்கு ஸ்கேலைக் கையில் எடுக்கவே இல்லை. அந்த வரைபடம் இப்போது ஏழு இடங்களில் செங்கல்லாக நின்றது.

அடுத்த சில வாரங்களில் ஆறு பூங்காவுக்கும் போய்ப் பார்த்தார். ஆறிலும் அகலமான அறை பூட்டியிருந்தது. தட்டத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெண்ணைத் தேடி ஒப்பந்தக்காரரிடம் போனார். விலாசம் எதுவும் இல்லை என்றார் அவர். “வருவாங்க, போவாங்க சார். யாரை ஞாபகம் வச்சுக்கறது?” மற்றப் பூங்காக்களின் துப்புரவுப் பெண்களிடம் விசாரித்து விசாரித்து, இரண்டு மாதம் கழித்துப் பேருந்து நிலையத்தில் கண்டுபிடித்தார். கட்டணக் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்துவிட்டாள்.

“உக்காருங்கம்மா” என்றார். ‘நீ’ இப்போது வாயில் வரவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நேரில் நின்றபோது வேறு என்னவோ வந்தது. “பூங்காவுக்குத் திரும்ப வந்துடறீங்களா? நான் பேசி ஏற்பாடு பண்றேன்.”

“வேணாம் சார். இங்க எனக்கு ஒரு ரூம் இருக்கு. ஃபேன் கூட இருக்கு.” பின்னாலிருந்த கதவைக் காட்டினாள். உள்ளே ஆணியில் துணி மாட்டியிருந்தது.

“அங்கயும் ஒரு ரூம் கட்ட எழுதிக் கொடுத்திருக்கேன்.”

“கட்டுங்க சார். வர்றவளுக்கு ஆகும்.” பிறகு, “அக்கா நல்லா இருக்காங்களா? ரூம் பூட்டியிருந்த அன்னைக்கு நான் ஓடித்தான் வந்தேன், அதுக்குள்ள கிளம்பிட்டாங்க. சொல்லுங்க அவங்ககிட்ட” என்றாள். அவர்தான் அந்த அக்காவின் தம்பி என்பது, திறந்த வாரம் இருவரும் சேர்ந்து வந்தபோதே அவளுக்குத் தெரிந்திருந்தது. கத்தின அன்றும் தெரிந்துதான் பேசாமல் நின்றிருக்கிறாள். அதற்குள் யாரோ சில்லறை நீட்ட, அவள் வேலையைப் பார்க்கத் திரும்பினாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நின்றுகொண்டிருக்க ஒரு காரணமும் இல்லாததால் நகர்ந்தார்.

கூடுதல் அறைக்கான கோப்பை அவர் மூன்று வருடம் மேஜை மேஜையாகத் துரத்தினார். கட்டி முடிந்த கட்டடத்தில் கை வைக்க யாருக்கும் விருப்பமில்லை. “துடைப்பத்துக்கு மாளிகையா அங்குலம் சார்?” என்று சிரித்தார்கள். ஓய்வு பெறுவதற்குள் இரண்டு பூங்காக்களில் கட்ட முடிந்தது. அவற்றில் ஒன்று ஏரிக்கரை. வேர் இல்லாத பக்கத்தில், அளவு பிசகாமல், திண்டும் ஆணியும் குழாயுமாக. அங்கே இப்போது வேலை செய்யும் பெண் மதியம் அதில் கொஞ்சம் கண் அயர்கிறாள். அகலமான அறை திறந்திருக்கிறது. மற்ற ஐந்திலும் பூட்டு அப்படியேதான் இருக்கிறது.

அறை கட்டி முடிந்த சனிக்கிழமை, அவர் தானே நாற்காலியின் சக்கரங்களைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“போயிட்டு வரலாமாக்கா? நானும் வரேன்.”

“இன்னொரு நாள் பாக்கலாம்டா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பிழை திருத்தும் தாளுக்குத் திரும்பினாள். அவளோடு பேசிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி ஊரை விட்டே போய்விட்டாள், மற்றவர்கள் இந்த மூன்று வருடத்தில் நேரத்தை மாற்றிக்கொண்டுவிட்டார்கள் என்று மனைவி பிற்பாடு சொன்னாள். அவர் அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அதற்கடுத்ததும் கேட்டார். இப்போதும் கேட்கிறார். அவளும் ஒவ்வொரு தடவையும், அவர் மனம் நோகாதபடி ஏதோ ஒரு காரணம் சொல்கிறாள்.