பன்றிகள் சப்பிய கயிறு

சாம்பல்தீவுப் பண்ணையில் பன்றிகள் இருமத் தொடங்கியதும், பண்ணைக்கார அண்ணன் பயந்துபோய்க் கர்ப்பிணி மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பன்றிகளுக்கு வரும் காய்ச்சல் வைரஸ் மனிதருக்கும் தொற்றக்கூடும். அது இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடத்திலிருந்து நான் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவனான எனக்கு அதுதான் முதல் வெளிவேலை!

"பண்டியளைப் பிடிக்க ஏலாது தம்பி, கடிக்கும்," என்றார் அண்ணன்.

"பிடிக்கத் தேவையில்லை அண்ணை. இந்தப் பருத்திக் கயிறு காணும். அதுகள் சப்பினால் எச்சில் ஊறும். அதைப் பிழிஞ்சு சோதிப்பம்."

"கயிறோ? ஊஞ்சல் கட்டி ஆட்டப்போறீங்களாக்கும் எண்டு நினைச்சன்."

மீன்பிடிக்கும் அப்பா கரையில் வள்ளத்தைக் கட்டும் முடிச்சைப் போட்டுக் கயிற்றைத் தொங்கவிட்டேன். பன்றிகள் பாய்ந்து வந்து இழுத்து இழுத்துச் சப்பின. முடிச்சு அசையவேயில்லை. "பாருங்கோ அண்ணை, பாருங்கோ!" என்று கத்திவிட்டேன். கையுறையோடு பிழிந்த எச்சில் குழாயில் நிறைந்தது.

சோதனை முடிவு வந்த உடனேயே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அந்த வைரஸ் இல்லை! இது பண்டிக்கு மட்டும் வாற வேற கிருமி. ஆக்களுக்குத் தொத்தாது!"

"மெய்யாவோ தம்பி?"

"ஓம், ஓம்!"

"அப்ப வையுங்கோ. நான் அவவைக் கூட்டிவரப் போறன்."

இணைப்பு அறுவதற்குள் மோட்டார்சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டது.