தேரோட்ட நாளில் ஒரு மெஷின் இன்ஸ்பெக்ஷன்

சிறுதொழில் மானியம் பார்க்கிற வேலையில் ரிடையர் ஆகும்வரை எத்தனையோ மெஷின்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஸ்டெல்லாவின் பாக்குமட்டைத் தட்டு மெஷின் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பேங்க் மேனேஜர் காஞ்சிபுரத்துக்குப் புதுசு. ஜாயின்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு அவர் குறித்த நாள், தேரோட்ட நாள்! தேர் தாண்டும்வரை அந்தத் தெருக்களில் கரண்ட் கிடையாது என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். மெஷின் ஓடுவதை நேரில் பார்த்தால்தான் மானியம். அன்று மாலைக்குள் ரிப்போர்ட் போகாவிட்டால் அந்த வருஷத்து ஒதுக்கீடு போச்சு.

“போச்சுன்னா ஷெட்டைக் காலி பண்ணணும் மேடம். மறுபடி ஸ்ரீபெரும்புதூர் வேலைக்குக் கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்” என்றாள் ஸ்டெல்லா. ஊறவைத்த மட்டைகளைத் துடைத்துத் தயாராக அடுக்கியிருந்தாள், பாவம்.

மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். “எப்பதாம்மா கரண்ட் வரும்?”

“தேர் நவுந்தா வரும் சார். முக்குல திரும்பாம நின்னுக்கினு இருக்குது. ஆள் பத்தலையாம்.” சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். “வாங்க, இழுக்கலாம்.”

“நானா?”

“நீங்கதானே சார் நாள் குறிச்சீங்க!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று பேரும் போனோம்.

முக்கில் தேரை அண்ணாந்து பார்த்தேன். அம்மாடி! எத்தனை வருஷம் பார்த்தாலும் வாய் பிளக்கத்தான் தோன்றுகிறது. தறியை நிறுத்திவிட்டு வந்த நெசவாளர்களோடு நாங்களும் வடத்தைப் பிடித்தோம்.

“எங்க தாத்தா காலத்துல எங்காளுங்கள இதைத் தொட வுட்டதில்ல மேடம்” என்றாள் ஸ்டெல்லா மெதுவாக. வடத்தில் என் கையை அவள் கையை ஒட்டி நகர்த்திக்கொண்டேன்.

“இழுங்கப்பா!” என்று ஒரு குரல். தேர் குலுங்கியது, அசைந்தது, திரும்பியே விட்டது! இவ்வளவு பெரிசை நம் கைகளா நகர்த்துகின்றன என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. திரும்பினால், மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மதியத்துக்கு மேல் கரண்ட் வந்தது. அச்சு சூடேறியது. ஸ்டெல்லா மட்டையை வைத்து அழுத்தி எடுத்தாள். வட்டமாக, விளிம்பு தூக்கி, ஆவி பறக்க ஒரு தட்டு! மேனேஜர் அதைச் சிவந்துபோன உள்ளங்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நாள் குறிக்குமுன் ஊரை விசாரியுங்கள். தப்பித் தவறி வேலை நின்றுபோனால், கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் நீங்களும் இறங்கி இழுங்கள்.

ரிப்போர்ட் அன்று மாலையே போய்விட்டது. ஸ்டெல்லா அதற்குப் பிறகு கம்பெனி பஸ் ஏறவில்லை.