கண்ணைத் திறந்து ஜெபித்த உபதேசியார்

உபதேசியார் வேலைக்குப் பிரசங்கம் செய்யத் தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் என்னைத் தென்காசிக்கு அனுப்பினார்கள். சபையார் மனம் ஆராதனையில் இருக்கிறதா, வேறெங்காவது மேய்கிறதா என்று துப்பறிவதும் அதே வேலைதான் என்று யாரும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் யார் கேட்கிறார்கள், யார் கேட்பதுபோல் இருக்கிறார்கள் என்று மண்டையை உடைத்துக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஈரத் தலை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் ஆலயத்தில் பாதி இடம் காலி. வருகிறவர்களும் முதல் பாட்டு முடிந்த பிறகுதான் வருவார்கள். ஒரு ஞாயிறு, பள்ளிக்கூட வாத்தியார் சாமுவேல் தலை சொட்டச் சொட்ட வந்து கடைசியில் உட்கார்ந்தார். கேட்டதற்கு, வீட்டுக் கிணற்றில் குளித்தேன் என்றார். அந்தக் கிணறு சித்திரையிலேயே வற்றிவிட்டது எனக்குத் தெரியும். ஓய்வுநாளில் அருவிக்கு ஓடுகிற மனம் ஆண்டவரிடம் எப்படி நிற்கும் என்று மடக்கினேன். அவர் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அருவியில நிக்கும்போது ஆராதனைக்கு நேரமாச்சேன்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி. இங்கன வந்து உக்காந்த பெறவுதான் அருவி நெனப்பு வருது."

ரெண்டு மழை

ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நான் மட்டும் அரைக்கண் திறந்து வைத்திருப்பேன். அப்படி ஒரு நாள், விவசாயி யோவான் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, நரம்பு கிள்ளி, பதமாகச் சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்துவிட்டேன். கோபத்தில், ஜெபத்தில் எதுவரை வந்திருந்தேன் என்பதே மறந்துபோயிற்று. எப்படியோ சமாளித்து ஆமென் சொல்லி முடித்தேன். வெளியே வந்ததும் அவரைப் பிடித்து, ஜெபத்தில் மனம் எங்கே இருந்தது என்று கேட்டேன். யோவான் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்: "ஜெபத்துலதான் இருந்துச்சு. ரெண்டு தடவ மழை கேட்டுட்டிய, எனக்கு நாளைக்கு அறுப்பு."

வெள்ளிக்கிழமைக் குளியல்

மேலகரத்து ஞானம்மாள் ஞானஸ்நானம் பெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. புருஷன் கொழும்பில், இவர் இந்து மாமியாரோடு இருந்தார். பிஷப்பான அத்தியட்சர், ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு வரப்போகிறார், அதற்குத் தகுதியானவர்களின் பெயர்களை நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அம்மாள் அதற்காக ஒரு வருஷமாகப் பாடம் படித்துக் காத்திருந்தார். ஆனால் வெள்ளி தவறாமல் குற்றாலத்துக்குப் போகிறார் என்று காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை, அருவி, பக்கத்திலேயே குற்றாலநாதர் கோவில். எனக்கு வேறென்ன தோன்றும்? பெயரை எழுதவில்லை.

ஆனாலும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அடுத்த வெள்ளி பின்னாலேயே போனேன். கோவில் வாசலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே பெண்கள் குளிக்கும் பக்கம் போய்விட்டார். நான் பலாப்பழக்காரன் கூடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில், அங்கே சந்தேகத்துக்குரிய ஆள் நான்தான் என்று உறைத்தது. ஞானம்மாள் தண்ணீர் ஓரத்தில் நின்று, முகத்தை மேலே தூக்கி, வாய்விட்டு ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அருவி இரைச்சலில் ஒரு எழுத்தும் கேட்கவில்லை.

கரைக்கு வந்தவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு அவராகவே சொன்னார். வீட்டில் ஜெபிக்க வாய் திறந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது என்று மாமியார் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிடுவாராம். இங்கே எவ்வளவு சத்தமாக அழுதாலும் யாருக்கும் கேட்காதாம். வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் என்றேன். அன்றைக்கு மருமகள் கோவிலுக்குத்தான் போகிறாள் என்று நம்பி மாமியார் அனுப்பிவிடுகிறாராம். ஆக அந்தக் கிழவிக்கும் எனக்கும் ஒரே நினைப்பு. மாமியார் அதில் சந்தோஷப்பட்டார், நான் பட்டியலில் ஒரு பெயரை விட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. இன்றைக்கே பெயரை எழுதிவிடுகிறேன் என்று முனகினேன். ஞானம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டார்: "நான் ஜெபம் பண்ண வந்தேன். நீங்க என்னத்துக்கு வந்திய, உபதேசியாரய்யா?"

சபையார் கவனம் எங்கே சிதறுகிறது என்று பார்த்துப் பார்த்தே, சொந்தமாக ஒரு ஜெபத்தைக்கூட ஒழுங்காக முடிக்காமல் நான் பார்த்த உத்தியோகம் அது.