எதிர் அணியிலிருந்து எழுந்து வந்த தவம் தம்பி

தவம் தம்பி போய்விட்டார்.

நேற்று மத்தியானம் மிஷினில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை...

பழைய கம்பெனி ஆட்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பூர் வீரபாண்டி பனியன் கம்பெனியில் நான் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டிய காலத்தில் பக்கத்து பேட்லாக் மிஷின் அவருடையது. நான் கைப்பகுதியைத் தைத்துக் கொடுக்கும் டீ-ஷர்ட்டுக்கு அவர் மடிப்புத் தையல் போடுவார்.

யாழ்ப்பாணத்துக்காரர். அகதி முகாமில் வளர்ந்து, வேலைக்குத் திருப்பூர் வந்தவர். அம்மா மட்டும் வர மாட்டேன் என்று அங்கேயே இருந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் அப்போது ராணுவத்தில். வடக்கே எங்கேயோ. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

இரண்டாயிரமாவது வருஷக் கோடை அது. அங்கே சண்டை முற்றி, யாழ்ப்பாணம் யார் கைக்குப் போகுமோ என்றிருந்த நேரம். நம் ராணுவத்தை மறுபடி அனுப்புவதா வேண்டாமா என்று நாடே பேசிக்கொண்டிருந்தது. எங்கள் டீ டைமிலும் அதே பேச்சுதான்.

"அங்க நம்ம சனம் சாகுதுங்க. போகாம என்ன பண்றது?"

"போன தடவை போயிப் பட்டது போதாதுங்களா?"

பேசிப் பேசி டீ ஆறிப்போகும். போகப்போவது யார் என்று மட்டும் ஒருத்தரும் பேச மாட்டார்கள். நான் எழுந்து மிஷினுக்குப் போய்விடுவேன்.

தவம் தம்பி அந்தப் பேச்சில் கலந்துகொண்டதே இல்லை. தினமும் காலையில் என்னிடம் ஒரே கேள்விதான். "அத்தான்ர கடிதம் வந்ததோ அக்கா?"

"இல்லீங்க தம்பி. அம்மாகிட்ட இருந்து ஏதாச்சும்...?"

இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு மிஷினைப் போடுவார்.

ஒருநாள் ராணுவம் போகுமா என்று பேப்பரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதையே நினைத்துக்கொண்டு உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கையை வைத்துத் தைத்துக்கொண்டே போயிருக்கிறேன். அவர்தான் பார்த்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து தையலைப் பிரித்தோம். பனியன் துணியில் ஓவர்லாக் பிரித்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பாடு.

அப்புறம் அந்தப் பட்டிமன்றம்...

மே தினம் வந்தால் கம்பெனியில் பட்டிமன்றம் உண்டு. மாமியாரா மருமகளா, சைக்கிளா மொபெட்டா, அந்த மாதிரி. நடுவர் எப்போதும் எங்கள் கட்டிங் மாஸ்டர். அந்த வருஷம் அவருக்கு நாட்டு நடப்பைப் பேச ஆசை வந்துவிட்டது. "ராணுவத்தை அனுப்பலாமா, கூடாதா?" இதுதான் தலைப்பு.

அணி பிரித்தவர்கள் ரொம்ப யோசித்துத்தான் பிரித்திருக்கிறார்கள். தவம் தம்பிக்கு அம்மா அங்கே, அதனால் அவர் "அனுப்பலாம்". எனக்கு வீட்டுக்காரர் ராணுவத்தில், அதனால் நான் "கூடாது". எங்களை ஒரு வார்த்தை கேட்டால்தானே?

கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. நம் ஆட்கள் யாரையும் விட்டுவிட்டு விழா நடத்த மாட்டார்கள், அவ்வளவுதான்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். "எல்லாருக்கும் வணக்கமுங்க" வரைக்கும் வந்தது. எதிரே தவம் தம்பி உட்கார்ந்திருக்கிறார். அம்மாவைப் பற்றிச் சேதியே இல்லாமல் இருக்கிற மனுஷன் முகத்தைப் பார்த்து, போகக் கூடாது என்று எப்படிச் சொல்வேன்? போகட்டும் என்றுதான் எப்படிச் சொல்வேன்? மைக்கைப் பிடித்தபடி அழுதுவிட்டேன். இத்தனை பேருக்கு முன்னால்...

அவர் எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"மாஸ்டர், குறை நினைக்காதேங்கோ. என்ர அம்மாவும் உசிரோட இருக்கோணும். அக்காவின்ர மனுசனும் உசிரோட வரோணும். படை வந்தா அம்மாவுக்கு நல்லதோ கெட்டதோ, எனக்கே தெரியேல்ல. அக்காவுக்கு எதிரா நான் கதைக்க மாட்டன்."

சொல்லிவிட்டு, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். "தீர்ப்பெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எல்லாரும் சாப்பிடப் போலாமுங்க" என்றார். அதற்கப்புறம் டீ டைமில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் படை போகவில்லை. அவர் அம்மா பிழைத்திருக்கிறார் என்ற சேதி ரொம்ப நாள் கழித்து வந்தது. அன்றைக்கு செக்ஷன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு.

தீபாவளி லீவில் என் வீட்டுக்காரர் வந்திருந்தபோது தம்பியை ஊத்துக்குளியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். வந்தவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கொடியில் பச்சை யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது.

போன தடவை, எண்பத்தேழில், நம் ராணுவம் யாழ்ப்பாணம் போயிருந்தபோது அவர் அங்கே சின்னப் பையன். அந்த நாட்களைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் பார்த்தார். யூனிஃபார்மை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். "வாங்க தம்பி, சோறு ஆறுது."

கிளம்பும்போது தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அத்தான், நீங்கள் படையோட வராமல் விட்டது எனக்குச் சந்தோசம். ஒருக்கா சும்மா யாழ்ப்பாணம் வாங்கோ, அக்காவோட. அம்மா நண்டுக் குழம்பு வைப்பா."

"கண்டிப்பா வர்றமுங்க" என்றோம்.

அந்த அம்மா போய்ச் சேர்ந்தும் வருஷங்களாகிவிட்டன. நாங்கள் போகவே இல்லை. அவரும் திரும்பிப் போகவில்லை.

இன்று காலையில் எடுத்தார்கள். முன்னால் தோள் கொடுத்தது என் வீட்டுக்காரர். முட்டி வலிக்குமே, வேண்டாமுங்க என்றேன். "இருக்கட்டும் உடு" என்றார்.

அன்றைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்தீங்களே தம்பி... அதுக்கு நன்றிங்க.

போயிட்டு வாங்க. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க.