அடையாள அட்டை கேட்காத வாசல்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இலியாஸ் சுவாமி காலமானார் என்று தொலைபேசியில் செய்தி வந்தபோது எனக்கு முதலில் வந்தது கண்ணீர் அல்ல. ஞாயிறுகளில் அவர் தரும் லெபனான் ரொட்டி இனிக் கிடைக்காதே என்ற கவலைதான். எதிலும் வயிறு முந்திக்கொள்ளும் ஆள் நான். கண்ணீர் பிறகு வந்தது, பிராங்பேர்ட் ரயிலில், எல்லோரும் பார்க்க.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். லெபனானிலிருந்து வந்த மரோனைட் கத்தோலிக்கர்களுக்கு இங்கே தலைமைக் குரு. ஒரே தேவாலயத்தில் காலையில் அவர்களுக்கு அரபிப் பூசை, மத்தியானம் இலங்கைத் தமிழர் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. இடையில் கார் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை. "தலைவன் என்பது நாற்காலி இல்லை. இரண்டு பேர் அடிபடும்போது நடுவில் நிற்கிற இடம்" என்பார்.

ஒரு மாதா திருநாளன்று நடுவில் நின்றார். சரசக்கா சைவ சமயக்காரி. மறுநாள் மகளுக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை. நேர்த்தி வைத்து, தேங்காயும் பூமாலையுமாக வந்தவரை எங்கள் சங்கச் செயலாளர் வாசலில் மறித்தார்.

"தேங்காயோட உள்ளுக்க விட ஏலாது அக்கா. மற்றாக்கள் கதைப்பினம்."

"ஊரில மடு மாதா கோயில்லயே விட்டவை தம்பி. இஞ்ச மாதா வேற ஆளோ?"

நான் எந்தப் பக்கம் வெல்லும் என்று பார்த்தபடி தூணோடு தூணாக நின்றேன். சுவாமி வந்தார், விஷயத்தைக் கேட்டார், தேங்காயைத் தாமே வாங்கினார். அவருடைய ஆட்களும் முணுமுணுத்தார்கள். ஜெர்மன் மொழியில் எல்லோருக்குமாகச் சொன்னார்: "எங்கள் ஊரில் முஸ்லிம் பெண்களும் மாதாவிடம் வருவார்கள். தாயைப் பார்க்க வந்தவளிடம் அடையாள அட்டை கேட்பீர்களா?"

தேங்காய் மாதாவின் காலடிக்குப் போனது. முறைப்பாடு மேலிடத்துக்குப் போனது. சுவாமியைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். திரும்பி வந்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டேன். "நல்ல ஏச்சு. ஆனால் தேங்காய் அதைவிட நல்லது" என்றார்.

அடக்கத்தன்று சரசக்கா, தேறிவிட்ட மகளின் கையைப் பிடித்தபடி வந்திருந்தார். வாசலுக்கு வெளியே, மழையில், சுவாமியின் அதே மூக்கோடு ஒருவர் நின்றார். சுவாமியின் தம்பியாம். எப்போதோ கத்தோலிக்கத்தை விட்டு வேறு கிறிஸ்தவ சபைக்குப் போய்விட்டவர்.

"ஏன் நனையிறார்? உள்ளுக்க வரச் சொல்லுங்கோ" என்றார் சரசக்கா.

சுவாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வாசகம்தான். பெருமையோடு அதையே அந்தத் தம்பியிடம் ஜெர்மனில் சொன்னேன்: உள்ளே வாருங்கள், உங்கள் அண்ணன் யாரிடமும் அடையாள அட்டை கேட்டதில்லை.

அவர் வாசற்படியைப் பார்த்தார்.

"என்னிடம் கேட்டார்" என்றார்.