அந்த வீட்டு வேதத்தில் இல்லாத பாகம்

மாமனாரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலை, திண்டிவனத்து வீட்டில் ஜெபக்கூட்டம். "நீ படிம்மா, உனக்குத்தான் கணீர்னு வரும்" என்றார் அத்தை, என் மாமியார். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். கண்டமங்கலம் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண் நான், அவர்கள் புராட்டஸ்டண்டு. இனி உங்கள் சபைதான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள், என் பழைய வேதப்புத்தகத்தை மட்டும் புடவைகளுக்கு அடியில் ஒளித்து எடுத்துவந்திருந்தேன். அன்றைக்குப் பழக்கதோஷத்தில் அதையே கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் அப்பா இறந்தபோது கோயிலில் படித்த பாகத்தைத் திறந்தேன். நல்லவர்கள் போய்விட்டார்கள் என்று நாம்தான் அழுகிறோம், அவர்கள் கடவுளிடம் பத்திரமாக இருக்கிறார்கள் என்று வரும். நூலின் பெயரைச் சொல்லிவிட்டுப் படித்தேன். அந்த வீட்டில் யார் படித்தாலும் மற்றவர்கள் தங்கள் புத்தகத்தைத் திறந்து கூடவே பார்ப்பார்கள். நான் முடித்த பிறகும் பக்கம் புரட்டும் சத்தம் நிற்கவில்லை. காரணம் அப்போதுதான் புரிந்தது. அவர்கள் வேதத்தில் அந்த நூலே கிடையாது.

"எந்த புக்கும்மா அது? எங்களுதுல காணமே" என்றார் மாமனாரின் அண்ணன்.

பதில் தெரியாமலில்லை. ஊரில் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள் நான். அந்த நூல் எகிப்தில் குடியேறிய யூதர்களில் ஒருவர் எழுதியது. முன்னோர் மொழி கைவிட்டுப் போய், கடைத்தெருவில் பேசிய கிரேக்கத்திலேயே எழுதினார். கும்பிட்டது மட்டும் முன்னோரின் கடவுளைத்தான். எபிரேயத்தில் இல்லையென்று யூதர்களே பிற்பாடு ஒதுக்கினார்கள், இவர்கள் சபையும் ஒதுக்கியது, கத்தோலிக்கர்கள் வைத்துக்கொண்டோம். இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் வாக்கை மீறியவள் என்று தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு என்ன இடம்? புத்தகத்தை மூடிப் புடவைத் தலைப்பில் மறைத்தேன்.

"தப்பா படிச்சிட்டேன் பெரிய மாமா."

பக்கத்திலிருந்தவர் நீட்டிய புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தைப் படித்தேன். யாரும் மேலே ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன், வெட்கமில்லாமல்.

மத்தியானம் அத்தை சமையலறையில் வந்து நின்றார். புத்தகத்தைப் பார்த்துவிட்டார், இன்றோடு தீர்ந்தேன் என்று கரண்டியைக் கீழே வைத்தேன். ஆனால் அவர் முகத்தில் கோபமில்லை. என்னைவிட அவர் பயந்திருந்தார்.

"பத்திரமா இருக்காங்கன்னு படிச்சியே, அதக் கேட்டப்புறம்தான் மூணு நாளா அடச்சிக்கினு இருந்த நெஞ்சு எறங்குச்சு. அப்புறம் தப்புன்னுட்ட. அப்ப அவரு எங்கம்மா இருக்காரு?"