மணி அடித்தும் பற்றவைக்காத சுருட்டு

1932-ஆம் வருஷம் நாற்பது நாள் தவசுகாலம் தொடங்குவதற்கு முன்னாலேயே என் நெஞ்சு என்னைக் கைவிட்டுவிட்டது. சாந்தோமில் பங்குப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். கரும்பலகையில் ஒரு வரி எழுதுவேன், இருமுவேன், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் அதேபோல் இருமிக் காட்டிச் சிரிப்பார்கள். அடிக்கலாம் என்றால் பிரம்பைத் தூக்கவும் மூச்சு வேண்டுமே. உட்கார்ந்துவிடுவேன்.

கோயிலில் பாட்டுக்காரர்களுக்கு நான்தான் முதல் குரல். அதுவும் போயிற்று. பாட்டை ஆரம்பிப்பது நான், முடிப்பது மற்றவர்கள். ஆண்டவர் சந்நிதியில் ஒரு பாட்டை முழுசாகப் பாட முடியவில்லையே என்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "சுருட்டை விட்டால் இந்த நெஞ்சு இன்னும் கொஞ்ச காலம் ஓடும். விடாவிட்டால் இங்கே வந்து பிரயோசனமில்லை" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

விடத் தெரியாதவன் அல்ல நான். அதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்து ஆண்கள் தவசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனன்று சுருட்டை ஒறுத்தலாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து, அந்த நாற்பது நாளும் விட்டுவிடுவோம். பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை காலைப் பூசையில் குளோரியாப் பாட்டுக்கு மணி அடித்தால் ஒறுத்தல் முடிந்தது. வெளியே வந்து கோயில் சுவரோரம் நின்று பற்றவைப்போம். என் மனைவியின் அண்ணன் சவரிமுத்து அடையாறில் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். அவருக்கும் எனக்குமாக அன்றைக்கென்றே நல்ல சுருட்டு கொண்டுவருவார். நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருசந்தி நோன்பு இல்லையென்று அன்றும் ஊதிக்கொள்வோம். இதைப் பக்தி என்றே நினைத்திருந்தேன்.

என் மனைவி அன்னம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கேட்டாள். "தவசுல வுடறீங்க, பாஸ்காவுக்குப் புடிச்சிக்கிறீங்க. சேசுவுக்குக் குடுத்தத வருஷா வருஷம் திருப்பி வாங்கிக்கினு வர்றீங்களே, இது இன்னா ஞாயம்?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

அந்தத் தவசுகாலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தொடவில்லை. ஆண்டவரே, இந்த ஆசையைப் பிடுங்கிப் போடும் என்று கேட்டேன். பாடுவதற்கு மூச்சைத் திருப்பித் தாரும் என்றும் கேட்டேன். ஆசை போகவே இல்லை. சோறு ருசிக்கவில்லை. வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். செபமாலை உருட்டும் விரல்கள் சுருட்டைத் தேடும். முழங்காலில் நின்று நின்று சலித்துப்போனேன். என் மன்றாட்டு மேலே போய்ச் சேரவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிறகு சனிக்கிழமை மணிக்காகக் காத்திருந்தேன். ஆண்டவர் உயிர்த்தெழுவதற்காக அல்ல, சுருட்டுக்காக.

பெரிய வியாழன் முதல் மணிகள் ஊமையாயின. மணிக்குப் பதில் மரத்தட்டிச் சத்தம்தான். சனிக்கிழமை காலை சுவாமியார் குளோரியாவைத் தொடங்கியதும் எல்லா மணிகளும் சேர்ந்து அடித்தன. புனிதர் சுரூபங்களை மூடியிருந்த ஊதாத் துணிகள் விழுந்தன. நாங்கள் பாடினோம். என் மனம் சுவரோரத்தில் நின்றது. பாட்டு முடிந்தது. ஆர்மோனியம் வாசிப்பவர் என் பக்கம் சாய்ந்தார்.

"இன்னா வாத்தியாரே, இன்னிக்கு மூச்சே வாங்கலியே?"

அவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. ஆரம்பம் முதல் கடைசிவரை பாடியிருக்கிறேன். ஓரிடத்திலும் இருமவில்லை. நான் கேட்ட மூச்சு என்றைக்குத் திரும்பி வந்ததோ, கவனிக்கக்கூட இல்லை. அதை வெளியே கொண்டுபோய் ஊதித் தள்ளுவதற்குத்தான் இத்தனை நாள் துடித்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. மிச்சப் பூசை முழுவதும் அழுதுகொண்டே நின்றேன்.

வெளியே சவரிமுத்து சுருட்டை நீட்டினார். அந்த வாசனைக்கு என் கையும் நீண்டது. சேசுவே, இந்த நிமிஷத்துக்கு மட்டும் என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். கை பாதியில் நின்றது.

"இன்னா மாப்ளே பாத்துக்கினு நிக்கற? மணி அட்ச்சாச்சு, புடி."

"எனக்கு இன்னும் அடிக்கல மச்சான்."

"ஊருக்கே அட்ச்சிது. உனக்கு மட்டும் தனியா அடிப்பாங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனவர், மறுநாள் பண்டிகைச் சாப்பாட்டுக்கும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அதன்பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. ஆயுசு முழுவதும் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை. கோயிலில் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று திரிகால மணி அடிக்கிறதல்லவா? ஒரு மணியிலிருந்து அடுத்த மணிவரை தாங்கும் பலம் தாரும் என்று மட்டும் கேட்டேன். அடுத்த மணி அடித்தால் நன்றி சொல்லிவிட்டு மறுபடி கேட்பேன். ஒருமுறை பாலவாக்கத்தில் ஒரு சாவு வீட்டில் சுருட்டை வாங்கி ஊதி, விழுந்தும் போனேன். மறுநாள் காலை மணிக்கு எழுந்து, வெட்கத்தோடு திரும்பவும் அதையே கேட்டேன். ஆண்டவர் கணக்குப் பார்க்கவில்லை.

வருஷங்கள் போய்விட்டன. இப்போதும் முதல் குரல் நான்தான். சவரிமுத்துவுக்கு இந்த வருஷம் இருமல் வந்துவிட்டது. போன வாரம் வீட்டுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "அந்த ஆச எப்போ பூடும் மாப்ளே?"

"எனக்கே போகல மச்சான்" என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் இருவரும் சேர்ந்து முழங்காலில் நின்றோம்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆசை செத்த பிறகு விடலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். களைப்பாக இருந்தால் களைப்போடு கேளுங்கள். கொஞ்சமாகக் கேளுங்கள், அடிக்கடி கேளுங்கள். கொடுக்கிறவருக்குச் சலிப்பில்லை. என் ஆசை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அவர் கிருபையால் நானும் இருக்கிறேன்.